ஐந்து யூரோ பாட்டிலும் அரை நெல்லிக்காயும்

போன இதழில் ஒன்று கேட்டிருந்தேன். வாரநாள் ராத்திரியில் சாப்பாட்டோடு குடிக்கிற, எட்டு யூரோவையோ அதற்கு ஈடான உங்கள் ஊர்க் காசையோ தாண்டாத ஒயின் எது, அது வாயில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், பாட்டிலின் பின்பக்க லேபிளைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள் என்று. வந்த கடிதங்களில் பாதி கேள்வி, கால்வாசி சண்டை, மீதி எனக்கு அறிவுரை. எல்லாவற்றையும் போட இடமில்லை. யார் பெயரும் போடவில்லை. "எங்க அம்மா இந்தப் பத்திரிகையை வாசிப்பாங்க, பேர் போட்டுடாதீங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார், அவருக்குக் கொடுத்த சலுகையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: கோத் து ரோன் சிவப்பு, 4 யூரோ 90 சென்ட். முதல் வாய் குடித்ததுமே நாக்கை இழுத்துப் பிடித்தது, வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி. கெட்டுப்போன பாட்டிலா? (லா குர்னெவ், பிரான்ஸ்)

கெட்டுப்போகவில்லை. நீங்கள் ஒரு வரி முழுக்கச் சொன்னதற்கு நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: துவர்ப்பு.

நான் பாரிசில் ஓர் உணவகத்தில் இருபத்திரண்டு வருஷம் பரிமாறியவன். சேர்ந்த முதல் மாதம் ஒயின் பொறுப்பாளர் எங்களை வரிசையாக நிற்கவைத்து "டானின், டானின்" என்று பாடம் எடுப்பார். எனக்கு ஒரு எழவும் புரியாது, தலையை மட்டும் ஆட்டுவேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கால் கிலோ நெல்லிக்காய் வாங்கி, ஒன்றைக் கடித்துக்கொண்டே மெத்ரோவுக்குள் இறங்கினேன். ஈறு இறுகி, கன்னத்தின் உட்பக்கம் சொரசொரவென்று ஆனபோதுதான் அடடே, அந்த மனுஷன் ஒரு மாதமாகச் சொன்னது இதைத்தானா என்று உறைத்தது. பிரெஞ்சுக்காரருக்கு இதை விளக்க ஆறேழு உவமை வேண்டும். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திராட்சையின் தோல், விதை, காம்பு மூன்றிலும் இந்தத் துவர்ப்பைத் தருகிற டானின் என்கிற பொருள் இருக்கிறது. சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறப்போட்டுப் புளிக்கவைப்பதால் அது சாற்றில் இறங்கிவிடுகிறது, வெள்ளையில் தோலை முதலிலேயே நீக்கிவிடுவதால் அவ்வளவாக இல்லை. வாய்க்குள் போனதும் இந்த டானின் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துத் திரட்டிவிடும், வழவழப்புப் போய் வாய் காய்ந்த மாதிரி ஆகும். துவர்ப்பு சுவையே இல்லை, அது ஒரு தொடுவுணர்ச்சி என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாம் கவனிக்கவேண்டியது எந்தத் துவர்ப்பு என்பது. நாவல்பழத் துவர்ப்பு ஒன்று, கொட்டைப்பாக்குத் துவர்ப்பு ஒன்று. முதலாவது பழத்தோடு சேர்ந்து வந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், நன்றாகப் பழுத்த தோலிலிருந்து வருவது. இரண்டாவது தனியாக நின்று தொண்டையைப் பிடிக்கும். விதை முற்றாமல் அறுத்தாலும், பழத்தைக் கண்டபடி நசுக்கினாலும் இது வரும். விலை குறைந்த பாட்டிலில் இதுதான் பெரிய தலைவலி. உங்கள் பாட்டில் எந்த ரகம் என்று தெரிய, அடுத்த முறை ஆட்டுக்கறி வறுவலோடு குடித்துப் பாருங்கள். கறியின் புரதம் டானினைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், எச்சில் தப்பிக்கும். அப்போதும் தொண்டையைப் பிடித்தால் பாட்டில் பாக்கு ரகம். மீதியைக் கறி வேகவைக்க ஊற்றிவிடுங்கள், ஐந்து யூரோ வீண்போகாது.

கேள்வி: ஆறு பவுண்டு பாட்டிலுக்கும் ஒன்பது பவுண்டு பாட்டிலுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை லேபிளுக்குத்தான் காசா? (ஹாரோ, லண்டன்)

உங்கள் ஊரில் உண்டு, அதுவும் நிறைய. காரணம் உங்கள் அரசாங்கம்.

பிரிட்டனில் ஒயின் வரியை ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுகிறார்கள். 12.5 சதவீத பாட்டில் என்றால் இரண்டே முக்கால் பவுண்டுக்குக் குறையாமல் வரி மட்டுமே. ஆறு பவுண்டு விலையில் வாட் என்கிற விற்பனை வரி ஒரு பவுண்டு. ஆக, கையில் நிற்பது அதிகம் போனால் இரண்டேகால் பவுண்டு. அதற்குள்ளேதான் கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்கவேண்டும், கடைசியாக ஒயினும். ஒன்பது பவுண்டு கொடுத்தால் வாட் ஒன்றரை ஆகும், அந்த ஆல்கஹால் வரி ஒரு பென்னிகூட ஏறாது. கையில் நிற்பது நாலே முக்காலுக்குப் பக்கம். பாட்டில் செலவும் கப்பல் கூலியும் பெரிதாக மாறப்போவதில்லை, கூடுதலாகக் கொடுத்த காசில் நல்ல பங்கு உள்ளே இருக்கிற சரக்குக்கே போய்ச் சேருகிறது. மூன்று பவுண்டு கூட்டிக் கொடுத்தால் இவ்வளவு பலன் கிடைக்கிற இடம் வேறு எங்கும் இல்லை. இருபதிலிருந்து இருபத்து மூன்றுக்கு ஏறினால் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஊர்ப்பெயருக்கும் காத்திருந்த வருஷத்துக்கும் காசு போகிறது.

எங்கள் பிரான்சில் ஒரு பாட்டிலுக்கு இந்த வரி ஏறக்குறைய மூன்று சென்ட்தான், வாட் தனி. அதனால்தான் இங்கே ஐந்து யூரோவுக்கே மரியாதையாகக் குடிக்க முடிகிறது. உறவுக்காரர்கள் லண்டனிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்தால் திரும்பிப் போகும்போது பின்சீட்டு ஏன் நிறைந்திருக்கிறது என்று இப்போது புரியும்.

கேள்வி: 'ஒயின் ஷாப்'பில் போய் ஒயின் கேட்டேன், கடைக்காரர் சிரிக்கிறார். கடைசியில் நாசிக் சிவப்பு ஒன்று வேறு இடத்தில் கிடைத்தது. சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்று படித்ததால் அப்படியே குடித்தேன். சுடுகஷாயம் மாதிரி இருந்தது. (சென்னை)

தமிழில் ஒயின் ஷாப் என்றால் பிராந்தி விற்கிற கடை, அது உங்களுக்குத் தெரியாதா? கடைக்காரர் சிரித்ததில் தப்பே இல்லை.

அந்த 'அறை வெப்பம்' ஐரோப்பாவில் ஹீட்டர் வருவதற்கு முந்தைய கல்வீட்டு அறையின் வெப்பம், பதினாறு பதினெட்டு டிகிரி. உங்கள் அறையில் மே மாதம் முப்பத்து நாலு இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், பழம் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். சிவப்பு பாட்டிலை ஃபிரிட்ஜில் முக்கால் மணி நேரம் வையுங்கள். விலை குறைந்த, லேசான சிவப்பு என்றால் ஒரு மணி நேரம்கூட வைக்கலாம். யாராவது பார்த்துச் சிரித்தால் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

இன்னொன்று. நாசிக்கில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை திராட்சை அறுக்கிறார்கள், ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் நடப்பது அங்கே மழைக்கு முன்னாலேயே முடிந்துவிடும். அந்த ஊர் வெயிலுக்கு சிவப்பைவிட வெள்ளைதான் எனக்குப் பிடிக்கிறது, அதிலும் ஷெனின் பிளாங். பிரான்சில் லுவார் நதிக்கரைத் திராட்சை அது, நாசிக்கில் போய் கொய்யாவும் அன்னாசியும் மணக்க நிற்கிறது. கொஞ்சம் தித்திப்பு உண்டு. நன்றாகக் குளிரவைத்து, வெங்காய பஜ்ஜியோடு. இதற்கு மேல் விளக்கமாட்டேன்.

கேள்வி: கிளாஸைச் சுழற்றினால் உள்பக்கம் கோடு கோடாக வழிகிறதே, அது கூடுதலாக இருந்தால் தரமான ஒயினா? (கோயம்புத்தூர்)

இல்லை. ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகி மேற்பரப்பின் இழுவிசை மாறுவதால் திரவம் மேலே ஏறிச் சொட்டுகிறது. ஜேம்ஸ் தாம்சன் என்பவர் 1855 இலேயே இதை விளக்கிவிட்டார். பிராந்தியில் இன்னும் அழகாக வழியும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பன்னீர் திராட்சை, சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, கிராம்பு போட்டு ஜாடியில் கட்டி வைப்போம். மகன் பெல்ஜியத்திலிருந்து சிவப்பு ஒயின் கொண்டுவந்தான், கசக்கிறது. நம் வீட்டு வாசனை வருகிற ஒயின் அந்தப் பக்கம் இல்லையா? (நாகர்கோவில்)

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இருக்கிறது.

நம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ஜாதி. கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற அதே கறுப்பு, 2023 இல் புவிசார் குறியீடு வாங்கியது. மஸ்கட் குடும்பத்துக்கே ரோஜா வாசனை உண்டு, பன்னீர் என்று பெயர் வைத்தவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. பிரான்சில் வான்தூ மலைச்சாரலில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கைச் சாப்பிடுவதற்கென்று வளர்க்கிறார்கள். செப்டம்பரில் எங்கள் பேட்டைச் சந்தையில் சின்ன மரப்பெட்டியில் வரும். முதல் தடவை ஒன்றை வாயில் போட்டேன். தோல் கடிபட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற அந்தச் சதை, நடுவில் இரண்டு விதை, மூக்குக்குப் பின்னால் பன்னீர். விற்கிற அம்மாவிடம் இது எங்க ஊர்ப் பழம் என்றேன். இல்லை, இது வான்தூ பழம் என்று அந்த அம்மா கோபமாகவே சொன்னார்.

மகன் கொண்டுவந்தது தித்திப்பே இல்லாத சிவப்பு. திராட்சையின் சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டது, அதுதான் உங்களுக்குக் கசப்பாகத் தெரிகிறது. அடுத்த முறை வரும்போது இத்தாலியின் மொஸ்காத்தோ தாஸ்தி கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அது வெள்ளை மஸ்கட், ஐந்து, ஐந்தரை சதவீத ஆல்கஹால்தான், இனிப்பு நிறுத்தி வைத்திருப்பார்கள், லேசாக நுரைக்கும். நிறம் ஒத்துப்போகாது, வாசனை ஒத்துப்போகும். கிராம்பை மட்டும் நீங்கள்தான் போட்டுக்கொள்ளவேண்டும்.

கேள்வி: விலை கூடினால் ருசி கூடுகிறது என்பதெல்லாம் மனப்பிரமை என்கிறான் என் நண்பன். இரண்டு வெள்ளி ஒயினையும் இருநூறு வெள்ளி ஒயினையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதாம். (சிங்கப்பூர்)

சிங்கப்பூரில் இரண்டு வெள்ளிக்கு ஒயின் எங்கே கிடைக்கிறது என்று முதலில் உங்கள் நண்பரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. கலிபோர்னியாவில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வு: ஒரே ஒயினைக் கொடுத்து, ஒருமுறை பத்து டாலர் என்றும் இன்னொருமுறை தொண்ணூறு டாலர் என்றும் சொன்னார்கள். தொண்ணூறு என்று கேட்டபோது நன்றாக இருக்கிறது என்றார்கள், மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இன்பம் சம்பந்தப்பட்ட பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்கிறது. பொய் சொல்லவில்லை பாருங்கள், உண்மையிலேயே அப்படி ருசித்திருக்கிறது! அதற்கு முன் 2001 இல் போர்தோவில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளாகவே எழுதித் தள்ளினார்கள். ஒயின் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். அமெரிக்காவில் 2002 இல் இரண்டு டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக விற்க ஆரம்பித்த சார்ல்ஸ் ஷா என்கிற ஒயினை 'இரண்டு ரூபாய் சக்' என்கிற மாதிரி கேலிப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், சக் என்பது சார்ல்ஸின் செல்லப்பெயர். அவர்களுடைய 2005 ஷார்டொனே என்கிற வெள்ளை ஒயின்தான் 2007 இல் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் அந்த மாநிலத்தின் சிறந்த ஷார்டொனே என்று தேர்வானது.

மீதிப் பாதிக்கு என் வீட்டுக் கதை. போன டிசம்பரில் ஐந்து சிவப்பு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, எண் எழுதி மேசையில் வைத்தேன். விலை 3 யூரோ 20 சென்ட், 4.75, 7, 12, 29. குடித்தவர்கள் நான்கு பேர்: மனைவி, புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அவள் சித்தி, எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர், என் மகன். சித்தியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஒயின் வாசனை தெரிந்தவர், ஆனால் ஒயின் பற்றி ஒரு வார்த்தை படித்ததில்லை. முதல் பாட்டிலை முகர்ந்ததும் "இது இருமல் மருந்து" என்றார். அது மூன்று யூரோ இருபது. நாலாவதை வாயில் வைத்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மாமியார் வீட்டுப் பீரோவைத் திறந்தா வர வாசனை, உள்ள பட்டுப்புடவை இருக்கு, ஆனா யாரும் கட்டறதில்ல" என்றார். அது இருபத்தொன்பது யூரோ, போர்தோ பக்கத்து, பத்து வயதான சேந்த் எமிலியோன். நான் இதுவரை கேட்ட ருசிக்குறிப்புகளில் இதற்கு ஈடு கிடையாது.

எல்லோருக்கும் பிடித்தது தெற்கு பிரான்சில் லாங்தோக்கின் ஏழு யூரோ பாட்டில். மூன்று பேர் அதை முதலில் வைத்தார்கள். எதிர்வீட்டு அண்ணர் இருபத்தொன்பதை நாலாம் இடத்தில் வைத்திருந்தார், காகிதத்தைப் பிரித்து லேபிளைக் காட்டியதும் "பாத்தீங்களா, இதில ஒரு ஆழம் இருக்கெண்டு நான் அப்பவே நினைச்சனான்" என்றார். காகிதத்தில் அவர் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: "புளிப்பு, வயசு போனது."

ஆக, மூன்று யூரோவையும் ஏழு யூரோவையும் நாலு பேரும் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். ஏழையும் இருபத்தொன்பதையும் பிரித்தார்கள், ஆனால் இருபத்தொன்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பழைய ஒயின் ருசி பழகவேண்டிய ருசி, கருவாடு மாதிரி.

கேள்வி: மீன் குழம்போட சிவப்பு வைன் குடிச்சால் வாயில இரும்பு நக்கின மாதிரிக் கிடக்கு. எனக்கு மட்டுமோ? (ஸ்கார்பரோ, கனடா)

உங்களுக்கு மட்டும் இல்லை, நீங்கள் சொன்ன வார்த்தையும் அச்சாகச் சரி. 2009 இல் ஜப்பானில் ஒரு குழு சிப்பியை வைத்து விதவிதமான ஒயின்களோடு சோதித்துப் பார்த்தது. ஒயினில் இரும்புச் சத்து கூடக்கூட அந்த மீன்நாற்றப் பின்சுவை கூடியது. இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து செய்கிற வேலை. சிவப்பில் பொதுவாக இரும்பு கொஞ்சம் அதிகம், எல்லாச் சிவப்பிலும் இல்லை.

நம் குழம்பில் மீன் ஒரு பிரச்சினை என்றால் புளி இரண்டாவது, மிளகாய் மூன்றாவது. சாப்பாட்டில் புளிப்பு ஏறினால் ஒயினில் உள்ள புளிப்பு தெரியாமல் போய், சப்பென்று ஆகிவிடும். அதனால் ஒயின் குழம்பைவிடப் புளிப்பாக இருக்கவேண்டும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், டானின் அதில் உப்பைத் தடவும். எனவே புளிப்பு அதிகம், ஆல்கஹால் குறைவு, டானின் இல்லாதது. போர்ச்சுகலின் வின்யோ வெர்தே எடுத்துப் பாருங்கள். 'பச்சை ஒயின்' என்று பொருள், நிறத்தால் இல்லை, இளசாகக் குடிப்பதால் என்பார்கள். பத்து, பதினொன்று சதவீதம், நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தும், எலுமிச்சைத் தோல் வாசனை. இல்லாவிட்டால் நாந்த் நகரப் பக்கத்து முஸ்காதே. எனக்குப் பிடித்தது பிக்பூல் து பினே. தெற்கு பிரான்சில் தோ ஏரிப் பக்கம் சிப்பி வளர்க்கிறவர்கள் குடிக்கிற வெள்ளை, உயரமான பச்சை பாட்டிலில் வரும். சாளைமீன் குழம்போடு குடித்திருக்கிறேன், குழம்பு ஜெயித்தது, ஆனால் ஒயின் மானத்தோடு தோற்றது.

கேள்வி: நீங்கள் பெட்டி ஒயினைச் சிபாரிசு செய்தது அதிர்ச்சி. பால் பாக்கெட் மாதிரி குழாயைத் திறந்து ஊற்றுவதா? ஒயினுக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா? (பேர்ன், சுவிட்சர்லாந்து)

மரியாதை உள்ளே இருக்கிற திரவத்துக்கு. 1965 இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆங்கோவ் என்கிற ஒயின்காரர் பெட்டிக்குள் பை வைத்து விற்கிற யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒயினை எடுக்க எடுக்கப் பை சுருங்கும், காற்று உள்ளே போகாது, அதனால் திறந்து ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். பாட்டிலைத் திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாள், நாலு நாள். தனியாக இருக்கிறவர் ராத்திரிக்கு ஒரே கிளாஸ் குடிக்க, முழு பாட்டிலையும் திறந்துவிட்டோமே, தீர்த்துவிடவேண்டுமே என்ற கவலை வராமல் இருப்பது இந்தப் பெட்டியில்தான். வருஷக்கணக்கில் வைத்திருக்க மட்டும் ஆகாது. பெட்டியில் போட்ட தேதியைப் பார்த்து வாங்குங்கள், ஆறு மாதம் தாண்டியதைத் தொடாதீர்கள்.

கேள்வி: சிலி நாட்டு கார்மெனேர் சிவப்பு. பச்சைக் குடமிளகாயை நறுக்கிய வாசனை வந்தது. மனைவி சிரிக்கிறாள். அப்புறம் ஒரு ஆஸ்திரேலிய ஷிராஸ், அதில் எனக்கு மிளகு, அவளுக்கு ஒன்றுமே இல்லை. யார் மூக்கு சரி? (மெல்பர்ன்)

இரண்டு மூக்கும் சரி.

குடமிளகாயின் வாசனைக்குக் காரணமான பைரசீன் என்கிற பொருள் கார்மெனேர் திராட்சையிலும் இருக்கிறது, உவமையே இல்லை, அதே பொருள். பழம் நன்றாகப் பழுத்தால் குறையும், அவசரப்பட்டு அறுத்தால் தூக்கலாக நிற்கும். போர்தோவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலிக்குப் போன கொடி இது, அங்கே மெர்லோ என்கிற இன்னொரு ஜாதி என்று நினைத்து அதோடு சேர்த்தே வளர்த்திருக்கிறார்கள். 1994 இல் ஜான் மிஷெல் பூர்சிகோ என்கிற பிரெஞ்சுக் கொடி நிபுணர் தோட்டத்தில் நடந்துபோகும்போது பார்த்து இது கார்மெனேர் என்றார். சொந்த ஊரில் ஏறக்குறைய அழிந்துபோன கொடி, பெயர் மாறி இன்னொரு கண்டத்தில் பிழைத்திருக்கிறது.

மிளகுக்கு ரொட்டண்டோன். 2008 இல் உங்கள் ஊர் ஆஸ்திரேலியாக்காரர்கள்தான் ஷிராஸில் கண்டுபிடித்தார்கள், நம் கருமிளகில் இருப்பதும் அதுவே. ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை எட்டாது என்று அப்போதே தெரிந்தது. உங்கள் மனைவி அந்த ஐந்தில் ஒருவராக இருக்கலாம். ரசத்தில் யார் மிளகு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வீட்டில் இது பெரிய விஷயம், நான் உள்ளே வரவில்லை.

கேள்வி: கார்க்கை எடுத்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஆறு யூரோ பாட்டில், திருப்பிக் கொடுக்கலாமா? (ஸ்த்ராஸ்பூர்)

கொடுக்கலாம், தயங்காதீர்கள். கார்க்கில் பூஞ்சையும் குளோரினும் சேர்ந்து உண்டாகிற டி.சி.ஏ. என்கிற பொருள் அது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் செத்துப்போகும். திருகுமூடி போட்ட பாட்டிலில் இந்தத் தொல்லை ரொம்ப அபூர்வம், அதனால் ஏழு யூரோவுக்குக் கீழே நான் திருகுமூடியைப் பார்த்தே வாங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேசைக்கு இப்படி ஒரு பாட்டிலைத் திறந்து, முகர்ந்து பார்க்காமல் ஆறு பேருக்கும் ஊற்றிவிட்டேன். ஐந்து பேர் குடித்தார்கள், "நல்லா இருக்கு" என்றுகூடச் சொன்னார்கள். ஆறாவதாக ஒரு பாட்டியம்மா கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்கு அப்புறம் ஒரு பாட்டிலையும் முகராமல் ஊற்றியதில்லை.

கேள்வி: சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே? (மதுரை)

1991 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் தின்று ஆரோக்கியமாகவும் இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று சொன்னதிலிருந்து கிளம்பிய கதை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது 2023 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் ஆல்கஹால் 1988 இலிருந்தே இருக்கிறது. இதயத்துக்கு நடந்துபோங்கள். இதுவரை குடிக்காதவர் என்றால் இந்தப் பத்தியைப் படித்து ஆரம்பிக்கவேண்டாம்.

கேள்வி: வருஷா வருஷம் வருகிற புது ஒயின் போஜொலே நுவோவில் வாழைப்பழ எசன்ஸ் கலக்கிறார்களா? (லியோன்)

கலப்பதில்லை. கொத்தை நசுக்காமல் முழுசாகக் கரியமில வாயுவில் வைத்துப் பழத்துக்குள்ளேயே புளிக்கவிடுகிறார்கள், சில ஈஸ்ட் வகைகளும் சேர்ந்து அந்த வாசனையைக் கிளப்பும். எசன்ஸ் பாட்டிலில் இருக்கிற ஐசோஅமைல் அசிடேட்டும் இதுவும் ஒன்றேதான். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வரும், கிறிஸ்துமஸுக்குள் குடித்துவிடுங்கள், பொங்கலுக்கு வைத்திருந்தால் வாழைப்பழம் போய்விடும்.

கேள்வி: எங்களையே கேட்கிறீர்களே, இந்த வாரம் நீங்கள் என்ன குடித்தீர்கள்? (புதுச்சேரி)

நியாயம். செவ்வாய்க்கிழமை, தெருமுனை சூப்பர்மார்க்கெட்டில் 5 யூரோ 40 சென்ட்டுக்கு ஒரு லுவார் சிவப்பு, கபர்னே ஃபிராங் என்கிற திராட்சை. ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தேன். முதலில் பென்சில் சீவிய வாசனை, பின்னால் நாவல்பழம், கடைசியில் துளி துவர்ப்பு, அரை நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைப்பூப் பொரியலும் பருப்பும் சாதமும் இருந்தன. பொரியலில் இருந்த துவர்ப்பும் இதுவும் சேர்ந்தால் தாங்காது என்று நினைத்தேன், தேங்காய் நடுவில் புகுந்து இரண்டையும் சமாதானப்படுத்திவிட்டது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு "பரவாயில்ல" என்றாள், அவள் கணக்கில் அது நூற்றுக்கு எண்பது. பாதி பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.